பழைய கிதார் சண்டித்தனம் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பழைய சாலிட்பாடி (உள்ளே வெற்றிடமில்லாத கட்டையில் செய்த மின்) கிதார் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் எழும் ஆசை, "இதில் எதை மாற்றலாம்?" என்பதுதான். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1960களில் செய்ததாக இருந்தாலும் சரி, 1970களின் ஜப்பானிய நகலாக இருந்தாலும் சரி, அந்த ஆசையைக் கொஞ்ச நாள் அடக்கி வையுங்கள். என் மேசைக்கு வருகிறவற்றில் பலவற்றுக்கு வியாதி வயதால் வந்ததே இல்லை. நடுவில் யாரோ "சரிசெய்கிறேன்" என்று கை வைத்ததில் வந்தது.

எந்தப் புகாராக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல், அமைதியான அறையில், கிதாரின் கொம்பை, அதாவது உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை, தாடையில் ஒட்டிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். எலும்பு வழியாக எல்லாம் கேட்கும். குறை அப்போதே கேட்டால் அது மரம், கம்பி, ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) சம்பந்தப்பட்டது. ஆம்பில் போட்டால் மட்டும் கேட்டால் மின்பக்கம். இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமலே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாற்றிப் பணம் கரைத்தவர்கள் நிறையப் பேர்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், 40 வாட் சால்டரிங் அயர்ன், சரியான அளவில் ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு பூதக்கண்ணாடி, மென்மையான துணி, காகித உறைகள். திறக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். பாட், அதாவது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் திருப்பு மின்தடை, அதன் முதுகில் குத்தியிருக்கும் எண்ணையும் படமெடுங்கள். முதல் மூன்று எண் அதைச் செய்த நிறுவனம். 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ்., 134 என்றால் சென்ட்ராலாப். பின்னால் வருவது ஆண்டும் வாரமும்: 304 6320 என்றால் 1963ஆம் ஆண்டின் 20ஆவது வாரம் செய்த பாட். கிதார் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. விற்றவர் 1962 என்று சொல்லியிருந்தால், ஒன்று பாட் மாறியிருக்கிறது, இல்லையென்றால் கதை மாறியிருக்கிறது. பழைய சால்டர் மூட்டுகள் யாரும் தொடாமல் மங்கலாக, ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதைச் சேகரிப்பாளர்கள் உற்றுப் பார்ப்பார்கள். ஆகவே தேவையில்லாமல் ஒரு மூட்டைக்கூட உருக்காதீர்கள்.

"சத்தமே இல்லை, அல்லது வந்து வந்து போகிறது"

முதல் சந்தேகம் கேபிள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் வேறு கேபிள் போட்டுப் பார்க்காமலே பேருந்து ஏறி வந்தவர்கள் உண்டு.

அடுத்தது கேபிள் சொருகும் ஜாக். அதன் நட்டு தளர்ந்திருந்தால், கேபிளைச் சொருகும்போதெல்லாம் ஜாக் முழுதும் சுழலும். உள்ளே ஒயர் முறுக்கேறி முறுக்கேறி ஒருநாள் அறுந்துபோகும். வெளியிலிருந்து நட்டை மட்டும் திருகினால் அந்த முறுக்குக்கு இன்னும் ஒரு சுற்றைச் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். தகட்டைக் கழற்றி, உள்ளே ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். கேபிள் முனையைத் தொடும் நாக்குத் தகடு தளர்ந்திருந்தால் கொஞ்சம் உள்பக்கம் வளைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் (சுருக்கமாக டெலி) மாடலில் ஜாக் கிண்ணத்தை உள்ளே ஒரு தகட்டுக் கவ்விதான் மரத்தைக் கடித்துப் பிடித்திருக்கிறது. கேபிளை இழுத்தால் கிண்ணமே கையோடு வருவது இந்தக் குடும்பத்தின் பரம்பரை நோய். கவ்வியை மறுபடி பரப்பிக் கடிக்க வைக்கலாம். திருகு வைத்த நவீன கிண்ணம் உறுதியானது, ஆனால் அதற்கு மரத்தில் இரண்டு புதுத் துளைகள் போட வேண்டும். 1950களின் கட்டையில் நான் போடமாட்டேன்.

"உம்ம்ம் என்று ஒரே இரைச்சல்"

கையைக் கம்பிகள் மேல் வையுங்கள். என்ன நடக்கிறது?

இரைச்சல் குறைந்தால் வயரிங் சரியாக இருக்கிறது. அது சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள், பிக்கப்பின் பிறவிக் குணம். உடம்போடு மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் அடங்கும். பக்கத்தில் டிம்மர், டியூப் லைட், போன் சார்ஜர் இருக்கின்றனவா பாருங்கள். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) பழையதாக இருந்தால் அதில் இரண்டு பிக்கப் சேர்ந்த நிலையிலும் இரைச்சல் அடங்காது. மூன்று பிக்கப்பும் ஒரே திசையில் சுற்றப்பட்டவை என்பதால் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. புது ஸ்ட்ராட்டில் பழகியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தொட்டாலும் எந்த மாற்றமும் இல்லையென்றால் கம்பிகளுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. ஸ்ட்ராட்டில் பின்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் நகத் தகட்டில் அது பற்றவைக்கப்பட்டிருக்கும். டெலியில் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) தகட்டுக்கு அடியில் போகும். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பாலில் கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகத்தின் தண்டு ஒன்றின் குழிக்குள் போகும். மீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஜாக்கின் உறைப்பகுதியிலும் வையுங்கள். ஒலி வரவில்லையென்றால் அங்கேதான் தேட வேண்டும்.

தொட்டால் இரைச்சல் கூடுகிறதா? ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு நிமிட வேலை.

இரைச்சலோடு விரலில் சுரீர் என்றால், அல்லது மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடித்தால், கிதாரைக் கீழே வைத்துவிடுங்கள். அது கிதாரின் குற்றமல்ல. ஆம்பிலோ வீட்டு வயரிங்கிலோ எர்த் இல்லை. அமெரிக்காவின் 1960களின் ஆம்புகள் இரண்டு முள் பிளக்கோடு, 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அவற்றை இங்கே 230 வோல்ட்டில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறார்கள், எர்த் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மூன்று முள் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் போடாமல் அந்த ஆம்பைத் தொடாதீர்கள். ஆம்பின் உள்பக்கம் தெரிந்தவரிடம் போகட்டும். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஆளைத் தூக்கிப் போடும்.

"வால்யூமைத் திருப்பினால் கரகர"

தூசி. பாட்டின் பக்கவாட்டு இடுக்கில் மசகு கலந்த காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, அப்புறம் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக முப்பது தடவை திருப்பல். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் துருநீக்கி வேண்டாம், பிளாஸ்டிக்குக்கு ஆகாது. பத்தில் ஒன்பது பாட் இதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

எதையும் திருப்பாமலே, பிக்கார்டில் (முகப்பில் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டில்) விரல் உரசும்போது மட்டும் பட்பட் என்றால் அது நிலைமின்சாரம். ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் வரும், வெளியே கொண்டுவந்தால் காணாமல் போகும். பிக்கார்டின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டி எர்த்தோடு சேர்த்தால் தீரும். 1959க்குப் பிந்தைய சில வருடங்களின் ஸ்ட்ராட்டுகளில் ஃபெண்டரே முழு அலுமினியத் தகடு வைத்திருந்தது. அதை "தேவையில்லாத தகரம்" என்று யாராவது எறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

"ஒரு பிக்கப் மட்டும் செத்துக் கிடக்கிறது"

ஸ்விட்சை அந்த நிலையில் வைத்து, இயங்கும் பிக்கப்பிலும் செத்த பிக்கப்பிலும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்லத் தட்டுங்கள். எதிலிருந்து டொக் வருகிறது என்று கேட்டால் ஸ்விட்சா பிக்கப்பா என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும். ஸ்விட்ச் என்றால் கிளீனரும் ஒரு துண்டுக் காகிதமும் போதும்: தகடுகளுக்கு இடையே காகிதத்தை விட்டு இழுத்தால் கறுப்பாக வரும் அழுக்கே சாட்சி.

பிக்கப் என்றால், எதையும் கழற்றாமல் ஜாக் வழியாகவே அளக்கலாம். கிதாரில் கேபிளைச் சொருகுங்கள், வால்யூமை முழுதும் திறங்கள், மீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து கேபிளின் மறுமுனையில் அளங்கள். பழைய ஸ்ட்ராட் பிக்கப் சுமார் 5.5 முதல் 6.5 கிலோ ஓம், கிப்சனின் பழைய ஹம்பக்கர் (இரைச்சலை அடக்க இரட்டைச் சுருள் வைத்த பிக்கப்) 7 முதல் 8.5 வரை காட்டும். பாட் பக்கத்தில் நிற்பதால் உண்மை அளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். மீட்டர் அந்த நிலையைத் தாண்டிப் போய், அடுத்த நிலையில் 250 கிலோ ஓம் பக்கம் நின்றால், நீங்கள் அளப்பது பிக்கப்பை அல்ல, பாட்டை. சுருளில் எங்கோ அறுந்திருக்கிறது.

இங்கேதான் பலர் அவசரப்பட்டு "ரீவைண்ட்" (சுருளைப் புதிதாகச் சுற்றுவது) என்கிறார்கள். பொறுங்கள். ஒரு ஐப்பசி மழை நாளில் இப்படி ஒன்று வந்தது, 1970களின் ஸ்ட்ராட். கடற்கரையோரம் ஒரு வீட்டின் பரணில் இருபது வருடம் பெட்டிக்குள் கிடந்தது. பிக்கப்பைத் திருப்பி, அடித்தட்டில் சுருளின் முனைகளைப் பற்றவைத்திருக்கும் இரண்டு சிறு பித்தளைக் கண்களை, அதாவது துளை வளையங்களை, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றின் ஓரத்தில் கடுகளவு பச்சை. உப்புக் காற்று தின்ற செம்பு. சுருளின் கம்பி 42 கேஜ், அதாவது 0.063 மி.மீ., தலைமயிரைவிட மெலிது. அது கண்ணுக்குள் நுழையும் இடத்தில் அறுந்திருந்தது. நல்ல காலமாக அறுந்தது வெளிமுனை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பச்சையைத் துடைத்து, வெளிச்சுற்றிலிருந்து ஒரே ஒரு சுற்றை ஊசி முனையால் பிரித்து எடுத்தேன். பழைய கம்பியின் எனாமல் அயர்ன் சூட்டில் உருகாது. மிக மெலிய உப்புத்தாளை மடித்து அதன் நடுவே கம்பியை விட்டு இரண்டு தடவை இழுத்தால் செம்பு பளிச்சென்று தெரியும். கண்ணில் சுற்றிப் பற்றவைத்ததும் மீட்டர் 5.8 என்றது. சுமார் 8,000 சுற்றில் ஒன்று குறைந்தால் காதுக்கு எதுவும் தெரியாது.

உள்முனை அறுந்தால் கதை வேறு. அது சுருளின் அடியில், காந்தத்தை ஒட்டி இருக்கிறது. கண்ணிலிருந்து சுருளுக்குப் போகும் வழியில் ஒரு மி.மீ. மிச்சமிருந்தால் ஒட்டுப் போடலாம். இல்லையென்றால் ரீவைண்ட்தான். அப்போதும் பழைய தட்டு, காந்தம், கண்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சுற்றுபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

"மூன்றாம் கம்பி மட்டும் கத்துகிறது, இரண்டாவது முனகுகிறது"

பழைய ஸ்ட்ராட் வைத்திருக்கும் எல்லாரும் ஒருநாள் இதைக் கேட்பார்கள். கோளாறு என்று எதுவும் இல்லை. 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது மூன்றாம் கம்பியும் சுற்றுக் கம்பிதான், அதாவது மேலே இன்னொரு மெல்லிய கம்பி சுற்றியது. அது பிக்கப்பில் மெல்லக் கேட்கும் என்பதால் அதன் காந்தத்தை உயரமாக வைத்தார்கள். பிறகு வாசிப்பவர்கள் வளைத்து வாசிக்கச் சுலபமான மெல்லிய வெற்றுக் கம்பிக்கு மாறினார்கள். காந்தம் மட்டும் அதே உயரத்தில் நின்றுவிட்டது. வெற்றுக் கம்பி அந்த உயரத்தில் கத்தத்தான் செய்யும்.

"உயரமாக இருந்தால் அமுக்கிவிட்டால் போச்சு" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இருபத்திரண்டு வயதில், கட்டை விரலால் அமுக்கினேன், அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் அமுக்கினேன், இறங்கியது. அதோடு அந்த பிக்கப்பும் போய்ச் சேர்ந்தது. பழைய ஃபெண்டர் பிக்கப்பில் தனியாக பிளாஸ்டிக் உருளை கிடையாது, கம்பியைக் காந்தங்கள் மேலேயே நேராகச் சுற்றியிருக்கிறார்கள், நடுவே லாக்கர் பூச்சு மட்டும். காந்தம் நகர்ந்தால் முதல் சுற்று அறுந்துவிடும், அதுவும் மேலே சொன்ன அந்த உள்முனை. இது நான் ஒரு முழு மாதச் சம்பளம் கொடுத்துக் கற்ற பாடம்.

வழி இரண்டு. ஒன்று, பிக்கப் முழுவதையும் கொஞ்சம் இறக்கி, தடித்த கம்பிப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கிச் சாய்த்து வைப்பது. இரண்டு, மூன்றாம் கம்பியைச் சுற்றுக் கம்பியாகவே போடுவது. ஜாஸ் வாசிப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம், வளைத்து வாசிப்பவர்களுக்குத் தண்டனை.

பிக்கப் உயரம் பற்றி இன்னொன்று. மேல் ஃபிரெட்டுகளில் தடித்த கம்பி வாசித்தால் ஸ்வரம் நடுங்கி, ஒன்றே இரண்டாகக் கேட்கிறதா? காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கிறது. கடைசி ஃபிரெட்டை அமுக்கிக்கொண்டு, பழைய பாணி பிக்கப்புக்கு ஆறாம் கம்பிக்கு அடியில் 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு அடியில் 2 மி.மீ. இடைவெளியில் தொடங்கி, நடுக்கம் போகும்வரை இறக்குங்கள். இதை "கழுத்து கோணல்" என்று சொல்லி விற்க வந்த கிதார் ஒன்றை நான் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறேன். வாங்கிய பிறகு உண்மையைச் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

"இரண்டு பிக்கப்பைச் சேர்த்தால் சத்தம் ஒல்லியாகிவிடுகிறது"

மூக்கடைத்தாற்போல், அடித்தொனி இல்லாமல் கேட்டால் இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. யாரோ ஒரு பிக்கப்பை மாற்றியதன் தடயம் இது. ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகும். டெலியின் கழுத்துப் பிக்கப்பில் மட்டும் முதலில் உலோக மூடியின் எர்த்தைத் தனி ஒயராகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடியே ஆன்டெனா ஆகிவிடும். வலைப்பின்னல் உறை போட்ட ஒற்றை ஒயர் கிப்சன் ஹம்பக்கரில் இடம் மாற்ற வழியில்லை, உள்ளே காந்தத்தைத்தான் புரட்ட வேண்டும்.

புரட்டுவதற்கு முன் ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பாலில் கழுத்துப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. அந்த மூக்கடைத்த ஒலிதான் அவருடைய அடையாளம் ஆனது. அந்த கிதார் பிறகு இன்னொரு கிதார் கலைஞர் கேரி மூரிடம் போய், இப்போது மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹேமட்டிடம் இருக்கிறது. யாரும் அதைச் "சரி" செய்யவில்லை.

"ஆம்பைக் கூட்டினால் கீச்சென்று அலறுகிறது"

கம்பிகளை எல்லாம் உள்ளங்கையால் அடக்குங்கள். அப்போதும் அலறினால் சுருளின் சுற்றுகள் தளர்ந்து, பிக்கப் மைக் மாதிரி நடந்துகொள்கிறது. டெலி பிரிட்ஜ் பிக்கப்பில் அடித்தகடு விட்டுப்போயிருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். மற்றவற்றுக்கு மெழுகுக் குளியல்: நான்கு பங்கு பாரஃபின், ஒரு பங்கு தேன்மெழுகு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரி, குமிழி வருவது நிற்கும் வரை. நேரடி நெருப்பு கூடவே கூடாது, மெழுகு பற்றிக்கொள்ளும். பழைய ஹம்பக்கரின் பிளாஸ்டிக் சட்டம் சூடு தாங்காமல் வளையும், தெர்மாமீட்டர் இல்லாமல் செய்யாதீர்கள்.

1957 முதல் வந்த, அடியில் "காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்ற ஒட்டு இருக்கும் கிப்சன் பொறியாளர் சேத் லவரின் ஹம்பக்கர்களைத் தொழிற்சாலையில் மெழுகில் முக்கவே இல்லை. அந்த லேசான உயிர்ப்புக்காகத்தான் ஆட்கள் விலை கொடுக்கிறார்கள். அதன் மூடியைத் திறந்து சால்டரை உடைத்தாலே விலை விழும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்து அலறினால், ஆம்பைவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

"சுருதி நிற்கவே இல்லை"

எல்லாரும் தலையிலுள்ள சுருதிச் சாவிகளைத்தான் திட்டுகிறார்கள், பாவம். சுருதி சேர்க்கும்போது "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டுச் சுருதி திடீரென எகிறுகிறதா? கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் சிறு பட்டைக்கும் நட்டு என்றுதான் பெயர்; அதன் பள்ளத்தில் கம்பி மாட்டிக்கொண்டு விடுகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். போதவில்லையென்றால் பள்ளத்தின் அகலம் குறைவு. யாரோ 9 அளவுக் கம்பி போட்டிருந்த இடத்தில் நீங்கள் அதைவிடத் தடித்த 11 போட்டிருப்பீர்கள்.

அப்புறம் கம்பி சுற்றியிருக்கும் முறை. க்ளூசன் நிறுவனத்தின் பழைய சாவியில் தண்டு உச்சியில் ஒரு குழி இருக்கும். கம்பியை முதலில் வெட்டி, முனையை அந்தக் குழிக்குள் இறக்கி, வளைத்து, பிறகு சுற்ற வேண்டும். வெட்டும் இடம் தண்டிலிருந்து சுமார் ஒன்றரைச் சாவி இடைவெளி தள்ளி. இது தெரியாமல் பக்கவாட்டில் முடிச்சுப் போட்டு, ஏழு சுற்று சுற்றி, "சாவி வழுக்குகிறது" என்று கொண்டுவருவார்கள். சாவியின் பிளாஸ்டிக் பிடி சுருங்கிப் பொடிந்து போவது மட்டும் உண்மையான வயோதிகம். பிடியை மட்டும் மாற்றலாம். தடித்த நவீன சாவி போடத் தலையின் துளையைப் பெரிதாக்க வேண்டும், போன மரம் திரும்பாது. 1970களில் இப்படித் துளை அகன்ற லெஸ் பால்கள் எத்தனையோ. இப்போது பழைய துளையிலேயே உட்கார்ந்து கம்பியைக் கவ்விப் பூட்டும் சாவிகள் கிடைக்கின்றன, அவற்றைப் போடுங்கள்.

ஸ்ட்ராட்டின் ட்ரெமலோ கைப்பிடியை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் தண்டை) ஆட்டியபின் சுருதி விலகினால்: முன்பக்க ஆறு திருகுகளையும் யாரோ முழுக்க இறுக்கியிருப்பார்கள். தகடு ஆட வேண்டியது அவற்றின் மேல்தான். இரண்டு ஓரத் திருகுகள் தகட்டை மெல்லத் தொடட்டும், நடு நான்கும் கொஞ்சம் உயர்ந்து நிற்கட்டும். கைப்பிடியே வேண்டாம் என்றால் ஐந்து ஸ்பிரிங்கும் போட்டு, பின்குழியில் ஒரு மரத்துண்டைச் செருகிப் பூட்டிவிடலாம். பெயர்பெற்ற கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனே அப்படித்தான் செய்தார். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

திறந்த கம்பி சரி, ஆனால் மேலே போகப் போகச் சுருதி பிசகினால், பிழை சேடில் (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) நிற்கும் இடத்தில். 12ஆம் ஃபிரெட்டின் ஹார்மானிக்கையும் (கம்பியை அமுக்காமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலி) அமுக்கி வாசித்ததையும் ஒப்பிடுங்கள். அமுக்கியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே. பழைய டெலியில் மூன்றே சேடில், ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி. இரண்டும் துல்லியமாக வரவே வராது. ஒன்று இரண்டு சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறட்டும், மற்றது இரண்டு சென்ட் இறங்கட்டும், விட்டுவிடுங்கள்.

"கம்பி உரசுகிறது, வளைத்தால் ஸ்வரம் செத்துவிடுகிறது"

முதலில் கழுத்து. ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் உடல் சேரும் இடத்து ஃபிரெட்டிலும் அமுக்குங்கள். ஏழாம் ஃபிரெட்டுக்கு மேலே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு போகும் அளவு. அதற்கு மேல் என்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டை) வலப்பக்கம் இறுக்க வேண்டும், இடைவெளியே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். மரம் சாவகாசமாகத்தான் ஒத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சரிசெய்ததைப் பங்குனி வெயிலில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

பழைய ஃபெண்டரில் ராடின் திருகு கழுத்தின் அடிமுனையில், உடலுக்குள் புதைந்து கிடக்கிறது. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கம்பி தளர்த்தி, நான்கு திருகு எடுத்து, கழுத்தைக் கழற்றி, திருப்பி, மறுபடி பூட்டி… எரிச்சலாகத்தான் இருக்கும். எரிச்சலில் ஒரேயடியாக ஒரு சுற்றுத் திருப்பி ராடை முறித்தவர்களை நான் அறிவேன். திருகு அசையவே மறுத்தால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு மறுநாள் வாருங்கள். கழுத்தைக் கழற்றியதும் அடியில் பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்கிறதா பாருங்கள், துடைத்துவிடாதீர்கள்.

கழுத்து சரியாக இருந்தும் முதல் இரண்டு கம்பியை மேல் ஃபிரெட்டில் வளைக்கும்போது ஸ்வரம் அறுந்துபோனால், அது வளைவின் கணக்கு. பழைய ஃபெண்டரின் விரல்பலகை வளைவு ஆரம் 7.25 அங்குலம், கிப்சனில் 12. அவ்வளவு உருண்டையான பலகையில் கம்பியை நடுவுக்குத் தள்ளினால் அது மேட்டில் முட்டுகிறது. 12ஆம் ஃபிரெட்டில் முதல் கம்பியின் உயரத்தை 2 மி.மீ. வரை ஏற்றிப் பாருங்கள். பலகையைத் தேய்த்துத் தட்டையாக்கலாம் என்று ஒருவர் சொல்வார், அவரிடம் கொடுக்காதீர்கள். 1959 முதல் 1962 நடுப்பகுதி வரை ஃபெண்டர் தடித்த ரோஸ்வுட் பலகை ஒட்டியது, அதன்பின் வளைந்த மெல்லிய தகடுதான். தேய்த்தால் அடியிலிருக்கும் மேப்பிள் தெரிந்துவிடும்.

ரோஸ்வுட் என்றதும் ஒரு எச்சரிக்கை. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிக ஒப்பந்தத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பலகை கொண்ட கிதாரை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அனுமதிச் சீட்டு இல்லாமல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். 1960களின் பிற்பகுதியில் நிறுவனங்கள் மாறிய இந்திய ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை, நம் மலைக்காடுகளின் ஈட்டி மரம்தான்.

மூன்றாம் கம்பியில் ஐந்து முதல் ஏழு ஃபிரெட்டுக்குள் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் சீக்கிரம் அடங்கினால் கிதாரின் தலையில் ஒரு கிளாம்ப் மாட்டி வாசியுங்கள். அடங்கும் இடம் மாறினால் அது கழுத்தின் அதிர்வுக் குணம், ஃபிரெட்டைத் தொடாதீர்கள்.

"பூச்சு வெடித்திருக்கிறது, பிசுபிசுக்கிறது"

நைட்ரோ லாக்கர் பூச்சில் ஓடும் மெல்லிய கோடுகள் குளிரும் சூடும் மாறி மாறி வந்ததன் ரேகைகள். அவற்றை விட்டுவிடுங்கள். மறுபூச்சு அடித்த பழைய கிதார் ஏறக்குறைய பாதி விலைக்கே போகும் என்பது சந்தையில் வழக்கமான பேச்சு. பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டாண்டின் ரப்பர். நைட்ரோவும் ரப்பரும் சேர்ந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டுக்குப் பருத்தித் துணி சுற்றுங்கள்.

கிப்சனில் வாங்குமுன் நட்டுக்குப் பின்னால், கழுத்தும் தலையும் சேரும் இடத்தைப் புற ஊதா விளக்கில் பாருங்கள். பழைய நைட்ரோ மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். நடுவே இருட்டாக ஒரு பட்டை தெரிந்தால் தலை ஒருமுறை முறிந்து ஒட்டப்பட்டது. ஒட்டு நன்றாக இருந்தால் வாசிக்க வாங்கலாம், விலையை மட்டும் அதற்கேற்ப பேசுங்கள்.

"எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் கை அரிக்கிறது"

இந்த வியாதிக்கும் மருந்து உண்டு. ஸ்ட்ராட்டில் பிக்கப், பாட், ஸ்விட்ச் எல்லாமே பிக்கார்டில்தான் தொங்குகின்றன. புதிய பிக்கார்டு ஒன்றில் உங்களுக்குப் பிடித்த பிக்கப்புகளும் ஐந்து நிலை ஸ்விட்சும் முழுசாகப் பூட்டி, பழைய பிக்கார்டை அப்படியே தூக்கிவிட்டு இதை வைக்கலாம். ஸ்ட்ராட்டுக்கு ஐந்து நிலை ஸ்விட்ச் 1977இல்தான் வந்தது. அதற்கு முன் இருந்த மூன்று நிலை ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு இடையே நிறுத்தி வைத்து வாசித்தார்கள். மாற்றத்துக்கு வெட்ட வேண்டியவை ஜாக்குக்கும் எர்த்துக்கும் போகும் ஒயர்கள் மட்டும். பழைய செல்லுலாய்ட் பிக்கார்டைத் தனியே காற்றோட்டமாக வையுங்கள். அது சுருங்கும், வளையும், மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தையும் அரிக்கும்.

ஜப்பானிய நகல்களில் கொஞ்சம் தாராளமாகக் கை வைக்கலாம். ஆனால் அங்கே அளவு மெட்ரிக். பாட்டின் துளை சிறியது, அமெரிக்க பாட் நுழையாது, பழைய குமிழும் புதுத் தண்டில் சேராது. துளையைக் குடைவதைவிட மெட்ரிக் பாட் தேடுவது சுலபம்.

ஏற்கெனவே வெட்டுப்பட்ட, தலை மாறிய, பாகம் பாகமாகச் சேர்ந்த கிதார் கிடைத்தால் அதுதான் கை அரிப்புக்கு உகந்தது. கிளாப்டனின் "பிளாக்கி" அப்படித்தான், 1970இல் நாஷ்வில்லில் வாங்கிய ஸ்ட்ராட்டுகளில் மூன்றைப் பிரித்து ஒன்றாகக் கோத்தது. 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. உங்களுடையது அவ்வளவு போகாது. கழற்றிய ஒவ்வொரு திருகும், பாட்டும், அறுந்த சாவிப் பிடியும் ஒரு உறையில், மேலே தேதியும் எந்த இடத்தில் இருந்தது என்பதும் எழுதி, கிதார் பெட்டியின் சிறு அறைக்குள் போகட்டும். ஒட்டுவதற்கு செல்லோ டேப் வேண்டாம், கோடையில் இளகி எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொள்கிறது. நூல் போதும்.